பச்சைன்னு பேர் வச்ச மஞ்சள்

என் பொண்ணுக்கு அப்ப அஞ்சு வயசு. இங்கிலாந்துல யார்க்ல இருக்கற நேஷனல் ரயில்வே மியூசியத்துக்கு முதல் தடவையா கூட்டிட்டு போயிருந்தேன். கிரேட் ஹால்ல சுத்தி சுத்தி கால் கடுத்துப் போய் ஒரு எஞ்சின் முன்னாடி நின்னோம், "அப்பா மஞ்ச எஞ்சின்"னு கத்துனா. பக்கத்துல ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், கழுத்துல பூதக்கண்ணாடி மாட்டிக்கிட்டு, அதே எஞ்சினோட ஓரத்துல ஏதோ ஒரு கோட்டை உத்துப் பாத்துட்டு இருந்தவர், திரும்பிக் குனிஞ்சு அவகிட்ட என்ன கலர் சொல்றன்னு கேட்டார். யெல்லோன்னா. "தப்பு, இது பச்சை"ன்னார். முகத்துல சிரிப்பே இல்ல. என் பொண்ணு என்னைய பாக்கறா, நான் எஞ்சினைப் பாக்கறேன், மாம்பழ மஞ்சள்ல பளபளன்னு நிக்குது.

அப்பறம்தான் விளக்கினார். அந்த எஞ்சின் பேரு கிளாட்ஸ்டன், நம்பர் 214, பிரைட்டன் ஒர்க்ஷாப்ல 1882ல செஞ்சது. லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேல எஞ்சின் டிபார்ட்மென்டுக்குத் தலைவரா இருந்த வில்லியம் ஸ்ட்ரவுட்லிங்கறவர் போட்ட கலர் இது, அந்தக் கலருக்குப் பேரே 'இம்ப்ரூவ்டு எஞ்சின் கிரீன்'. அதாவது மேம்படுத்தப்பட்ட பச்சை. பாத்தா மஞ்சள் காவி. ஸ்ட்ரவுட்லிக்குக் கலர் பிளைண்ட்னு ஒரு கதை ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு. அதைச் சொன்னா மட்டும் பெரியவருக்குக் கோவம் வந்துடும். "கலர் தெரியாதவனா இந்த மஞ்சளுக்கு அந்தக் கரும்பச்சை பார்டரை வச்சான், அதுல கருப்பு, ஓரத்துல சிவப்பும் வெள்ளையும் மயிரிழைக் கோடா, கீழ ஃபிரேமுக்கு ஒயின் சிவப்பு, சொல்லு, கலர் தெரியாதவனா?"

நல்ல பட்டுப்புடவைக்கு பார்டர் எடுத்த மாதிரி இருக்கும் சார், உண்மையிலயே. எங்க அம்மா பாத்தா விலை கேட்டிருப்பாங்க.

அப்படி ஆரம்பிச்ச பழக்கம் ஒன்பது வருஷம் ஓடுச்சு. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ யார்க்ல சந்திப்போம், நடுவுல லெட்டர், ஆமா லெட்டர்தான், அவருக்கு ஈமெயில் பிடிக்காது. தொழில்ல சைன் ரைட்டர், கடை போர்டு, லாரிக் கதவு எல்லாம் கையால எழுதினவர், ரிட்டயர் ஆனப்பறம் பழைய எஞ்சின்களைப் புதுப்பிக்கறவங்களுக்கு கலர் சொல்றது, கோடு போட்டுக் குடுக்கறதுன்னு இருந்தார். நான் முதல்ல சார்னு கூப்ட்டேன், அது அவருக்குக் கூச்சமா போச்சு. எங்க வீட்ல பேரே பெயிண்ட் தாத்தா. என் பொண்ணு நேர்லயே அப்படித்தான் கூப்டுவா, அவரும் தாத்தான்னா என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அதை லெட்டர்ல கையெழுத்துக்குக் கீழ இங்கிலீஷ் எழுத்துல போட ஆரம்பிச்சுட்டார்.

போன மாசம் ஒரு பார்சல் வந்துச்சு. உள்ள ஒரு பழைய பிஸ்கட் டப்பா, கூட அவர் மகள் எழுதின ஒரு துண்டுக் கடிதம். ஆறு வாரத்துக்கு முன்னாடியே போயிட்டாராம், எண்பத்தியொண்ணு வயசு, எனக்கு மெயில் போட்டிருக்காங்க, அது ஸ்பேம்ல போய்க் கெடந்திருக்கு. சாவுக்குப் போகல. நம்ம ஊர்ல ஒருத்தர் சாவுக்குப் போகாம விட்டா அது வாழ்நாள் பூரா சொல்லிக்காட்டற விஷயம், இங்க அவங்க "பரவால்ல, அப்பா இந்த டப்பாவ உங்க பொண்ணுக்குக் குடுக்கச் சொல்லியிருந்தார்"னு எழுதியிருக்காங்க, அது இன்னும் சங்கடமா இருந்துச்சு. அதனால துக்கம் விசாரிக்கப் போற மாதிரி யார்க் போயிட்டு வரலாம்னு ஒரு சனிக்கிழமை கிளம்பிட்டோம், நானும் பொண்ணும், கைல டப்பா.

கிங்ஸ் கிராஸ்லேர்ந்து யார்க் 188 மைல், ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். இப்ப ஓடறது அசுமா வண்டி, ஹிட்டாச்சி செஞ்சது, வெள்ளையும் சிவப்பும். தாத்தாவுக்கு இதுல இருக்கறது பெயிண்டே இல்ல, ஸ்டிக்கர்னு ஒரு இளக்காரம். பீட்டர்பரோ தாண்டினதும் ஸ்டோக் பேங்க் ஏத்தம் வரும், நாம வடக்க போறதால ஏறுவோம். 1938 ஜூலை 3ந்தேதி எதிர்ப்பக்கம் இறக்கத்துலதான் மல்லார்டுங்கற நீல ஸ்டீம் எஞ்சின் மணிக்கு 126 மைல் வேகம் தொட்டுச்சு, ஸ்டீம் எஞ்சின்ல இன்னிக்கு வரைக்கும் அதுதான் ரெக்கார்டு, அந்த ஓட்டத்துல பேரிங் சூடாகி பீட்டர்பரோவோட அதை நிறுத்திட்டாங்க. ஓட்டினவர் ஜோ டடிங்டன். இதெல்லாம் எல்லா ரயில் பைத்தியத்துக்கும் மனப்பாடம். தாத்தா மட்டும் இந்த இடம் வந்தா வேகத்தைப் பத்திப் பேசமாட்டார், "அன்னிக்கு அந்த நீலம் எப்படி இருந்திருக்கும், நாலு மாசம் ஓடின பெயிண்டு"ன்னுதான் சொல்வார். மல்லார்டு 1938 மார்ச்ல வெளிய வந்துச்சு, ரெக்கார்டு ஜூலைல, அதான் அந்த நாலு மாசக் கணக்கு.

அவர்கிட்ட நான் கத்துக்கிட்டதுல பெரிசு எதுன்னா பழைய கருப்பு வெள்ளை ஃபோட்டோவ நம்பாதங்கறதுதான். அந்தக் காலத்து ஃபோட்டோ பிளேட்டுக்கு சிவப்பே தெரியாது, நீலம் மட்டும் நல்லா விழும். அதனால எஞ்சின் முன்னாடி குறுக்க இருக்கற சிவப்பு பஃபர் பீம் ஃபோட்டோல கருப்பா இருக்கும், மஞ்சள் அழுக்கா இருக்கும், வெளிர் நீல எஞ்சின் கிட்டத்தட்ட வெள்ளையா வந்து நிக்கும். போதாததுக்கு கம்பெனிக்காரனே புது எஞ்சினை ஃபோட்டோ எடுக்கறதுக்குன்னு சாம்பல் கலர் அடிச்சு நிறுத்தி, படம் எடுத்தப்பறம் நிஜ கலர் அடிப்பான். அந்தப் படத்தை வச்சிட்டு நூறு வருஷம் கழிச்சு ரெண்டு பேர் அடிச்சுக்குவாங்க. சரி, அப்ப நிஜ கலரை எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னா, பழைய எஞ்சின்லேர்ந்து ஒரு மூலை, யாரும் கை வைக்காத இடம், உள்பக்கம், அங்க ஈர எமரித்தாளை வச்சு வட்டமா மெதுவா தேய்க்கணும். மேல இருந்து கீழ ஒவ்வொரு கோட்டா, அதாவது ஒவ்வொரு பெயிண்ட் பூச்சா, வளையம் வளையமா தெரியும், மரத்தை வெட்டினா தெரியற மாதிரி. அவரு அதை எண்ணுவார், கருப்பு, பச்சை, கருப்பு, பழுப்பு, அதுக்குக் கீழ... கடைசில பிரைமர். அதுலயும் வார்னிஷ் பழுத்துப் போயிருக்கும், நீலத்தைப் பச்சையாக் காட்டும். "அடில என்ன கோட்டுன்னு தெரியாம மேல இருக்கற கலரைப் பத்திப் பேசாத"ம்பார்.

இதை முதல் தடவ கேட்டப்ப எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏன்னா இதே வசனம் எங்கப்பா சொல்வார். அப்பா திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்ல பெயிண்டர். நான் வளந்ததே அந்த ரயில்வே காலனிலதான், சங்கு சத்தத்துல எந்திரிச்சு. 1920கள்ல தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்துலேர்ந்து பொன்மலைக்கு மாத்தின ஒர்க்ஷாப், ஊட்டி மலை ரயில் எஞ்சின் எல்லாம் இன்னிக்கும் அங்கதான் வந்து போகும். இதை தாத்தாகிட்ட சொன்னதும் அவர் அடுத்த கேள்வி, "சவுத் இண்டியன் ரயில்வே காலத்துல உங்க எஞ்சினுக்கெல்லாம் என்ன கலர்?" எனக்குத் தெரியல. வெக்கமா போச்சு. பிரைட்டன் எஞ்சினோட மயிரிழைக் கோடு எத்தனைன்னு சொல்லுவேன், வீட்டுக்கு எதிர்ல ஓடினது என்ன கலர்னு தெரியாது. அப்பாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன், அப்பா ஒரு அரைமணி நேரம் பெயிண்டைப் பத்தித் தமிழ்ல பேசினார், இவர் இங்கிலீஷ்ல, நான் நடுவுல மொழிபெயர்ப்பு, சவுத் இண்டியன் ரயில்வே அப்பாவுக்கு முந்தின காலம், அவருக்கும் தெரியல. ஆனா பெயிண்ட்ல கலக்கற லின்சீட் ஆயில், அதான் ஆளிவிதை எண்ணெய், அதுல ரெண்டு பேருக்கும் ஒத்துப் போச்சு.

அன்னிலேர்ந்து ஒவ்வொரு லெட்டர்லயும் "உன் அப்பா எப்படி இருக்கார், எண்ணெய் எப்படி இருக்கு"ன்னு ஒரு வரி இருக்கும்.

மியூசியத்துல அன்னிக்கு நல்ல மழை. டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்கிட்ட கொஞ்ச நேரம் நின்னோம், அரக்குச் சிவப்புல தங்கக் கோடு போட்ட எஞ்சின். இதோட கதை தாத்தா சொன்னாத்தான் ருசி. 1939ல அமெரிக்காவுக்கு கண்காட்சிக்கு 'கொரனேஷன்'ங்கற எஞ்சினை அனுப்பறதாச் சொல்லிட்டு, அதுக்கு பதிலா இதுக்கு அந்தப் பேரையும் 6220ங்கற நம்பரையும் மாட்டி அனுப்பிட்டாங்க, நிஜமான கொரனேஷன் இங்கயே இதோட பேர்ல ஓடிட்டு இருந்துச்சு. நடுவுல யுத்தம் வந்துடுச்சு, எஞ்சின் அங்கயே மாட்டிக்கிச்சு, 1942லதான் திரும்பி வந்துச்சு. "ஆள்மாறாட்டம்"னு நான் சொல்லிக் குடுத்த தமிழ் வார்த்தைய அவர் ரொம்ப கஷ்டப்பட்டுச் சொல்வார், ழகரம்தான் இல்லையே தப்பிச்சேன்பேன்.

அரக்குன்னதும் இன்னொண்ணு. மிட்லண்ட் ரயில்வே எஞ்சினுக்கெல்லாம் 'கிரிம்சன் லேக்'னு ஒரு சிவப்பு. லேக்குன்னா ஏரின்னுதான் நான் நெனச்சிட்டு இருந்தேன், பல வருஷமா. இல்லயாம், அது நம்ம ஊர்ப் பக்கத்துலேர்ந்து போன லாக், அதாவது அரக்கு. எங்க பாட்டி அரக்கு கலர் புடவைன்னு சொல்வாங்களே அதே அரக்கு. இதை தாத்தாவே எங்கிட்ட சொன்னார், என் மொழில அதுக்கு என்ன வார்த்தைன்னு கேட்டு அரக்குங்கறத ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டார். அடில ஒரு கோட்டு மேல மெல்லிசா கண்ணாடி மாதிரி இந்த லேக்கை ஏத்தி ஏத்தி அடிச்சு அதுக்கு மேல வார்னிஷ், அதான் ஆழம் தெரியுது, இப்ப ஒரே டப்பால வர்ற சிவப்புல அந்த ஆழம் வராதும்பார். எனக்கு நேர்ல பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், அதை அவர்கிட்ட ஒத்துக்கிட்டதே இல்ல.

கடைசியா கிளாட்ஸ்டன். 1927ல ஓட்டம் முடிஞ்சதும் உடைக்கப் போக இருந்ததை ஸ்டீபன்சன் லோகோமோட்டிவ் சொசைட்டிக்காரங்க காசு சேத்து வாங்கினாங்க, இந்த நாட்டுல ஆர்வலர்கள் சேந்து காப்பாத்தின முதல் எஞ்சின் இதுதான். ஸ்ட்ரவுட்லி ஒவ்வொரு எஞ்சினையும் ஒரு டிரைவருக்குன்னு ஒப்படைச்சு அவன் பேரை டிரைவர் நிக்கற கேபுக்குள்ள பெயிண்ட்ல எழுத வச்சவர். அவன் துடைக்கற துடைப்புல பெயிண்டு நாலு வருஷம் கூட வரும், அது தாத்தாவோட தியரி. ஸ்ட்ரவுட்லி 1889 டிசம்பர்ல பாரிஸ்ல செத்துப் போனார், அவருக்கப்பறம் இருபது வருஷத்துக்குள்ள மஞ்சள் போய் பழுப்பு வந்துடுச்சு.

பொண்ணு பெஞ்சுல உக்காந்து டப்பாவத் தொறந்தா. உள்ள சின்னச் சின்ன தகரத் துண்டு, பஸ் டிக்கெட் சைஸ், ஒவ்வொண்ணுலயும் ஒரு கலர், பின்னாடி அவரோட அழகான கையெழுத்துல எந்த எஞ்சின், எந்த நாள், என்ன வெளிச்சம்னு குறிப்பு. மஞ்சள் மட்டும் மூணு துண்டு, மூணும் கிளாட்ஸ்டன். ஒண்ணுல 'காலை, மேகம்', ஒண்ணுல 'மதியம், வெயில்', இன்னொண்ணுல 'விளக்கு வெளிச்சம், நம்பாதே'. மூணும் வேற வேற மஞ்சள். கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு கைய நீட்டி ஒவ்வொண்ணா எஞ்சினுக்கு நேரா புடிச்சுப் பாத்தா, மியூசியம் ஆளு ஒருத்தர் தொடாதீங்கன்னு சொல்ல வந்துட்டு தகரத்தைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டார். மழை வெளிச்சத்துக்கு மூணுமே சேரல. "இன்னிக்கு கலர் இதுல இல்லப்பா"ன்னா. தன்னோட நோட்டுல தேதி போட்டு 'மழை, 12.40'னு எழுதிக்கிட்டு, இதுக்கு எந்த பெயிண்டை எதோட கலக்கணும்னு என்னைய கேட்டா. எனக்கென்ன தெரியும்.

திரும்பி வரும்போது டான்காஸ்டர் தாண்டி அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். தாத்தா போன விஷயத்தை டப்பா வந்த அன்னிக்கே சொல்லியிருந்தேன், ஆனா அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் தங்கறதில்ல. பொண்ணு கேட்ட கேள்விய சொன்னேன். மஞ்சள் காவிய எடுத்துக்க, கொஞ்சம் பழுப்பு, கருப்பு ஊசிமுனை அளவு, அதிகமானா செத்துடும்னு அடுக்கிட்டே போனவர் நடுவுல நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்டா, அடில என்ன கோட்டு அடிச்சிருக்கான்னு முதல்ல உன் வெள்ளைக்காரத் தாத்தாகிட்ட கேளு, அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"சரிப்பா, கேக்கறேன்"னேன்.