அட்டெண்டர் கட்டிலில் டிராகுலா

ஜூன் 9

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வைத் திகில் நாவல் என்று பிரித்தால் முதலில் ரயில் தாமதம், அப்புறம் கோழி. ஜோனதன் ஹார்க்கர் மே 1 இரவு 8.35-க்கு மூனிக்கில் ஏறுகிறான். வியன்னா போய்ச் சேர ஒரு மணி நேரம் லேட். வழியில் மிளகாய்ப்பொடி போட்டுச் செய்த கோழியைச் சாப்பிட்டுத் தாகத்தில் தவிக்கிறான். மினாவுக்காகச் செய்முறை கேட்டு வாங்கணும் என்று குறித்துக்கொள்கிறான். எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கல்யாணம் நிச்சயமான பையன் வேறு எப்படி எழுதுவான்?

புத்தகம் 120 ரூபாய். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளாட்பாரத்தில், போன் கவர் விற்கிறவருக்குப் பக்கத்தில் வாங்கினேன். அட்டையில் கோட்டை, நிலா, ரத்தச் சிவப்பில் எழுத்து. உள்ளே முன்னுரை இல்லை, பதிப்பித்த வருஷம்கூட இல்லை. தாள் பழுப்பு, எதிர்ப்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. வரியின் கடைசிச் சொல் நடு மடிப்புக்குள் போய்விடுகிறது. முதுகை நன்றாக விரித்தால்தான் படிக்கலாம், விரித்தால் பசை விடுகிறது. ஆனால் எடையே இல்லை. ஒரு கையில் இதைப் பிடித்துக்கொண்டு ட்ரிப்ஸ் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே படிக்க முடிகிறது. சாம்பார் பட்டால் மனசு பதறாது. ஆஸ்பத்திரிக்கு இதுதான் சரி.

ஜூன் 10

அம்மாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள்.

ஜூன் 11

"என்ன புள்ள அது, எந்நேரமும் மூஞ்சிக்கு நேரா?" என்றாள் அம்மா. கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். மினா என்றதும் "நம்ம மீனாவா?" என்றாள். அதிலிருந்து அவளுக்கு அந்தப் பெண் மீனாட்சிதான்.

விடுதிக்காரக் கிழவி ஹார்க்கரைப் போகாதே என்று மண்டியிட்டுக் கெஞ்சுகிறாள். விடிந்தால் புனித ஜார்ஜ் நாள், இன்று நடுராத்திரி அடித்ததும் உலகத்தில் உள்ள தீயதெல்லாம் எழும் என்கிறாள். அவன் கேட்கவில்லை. தன் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றி, உன் அம்மாவுக்காகப் போட்டுக்கொள் என்று அவனுக்கு மாட்டிவிடுகிறாள். அப்புறம் டிராகுலா பிரபுவின் கோட்டையில் ஒரு காலை அவன் சவரம் செய்துகொண்டிருக்கிறான். பின்னால் வந்து நிற்கும் பிரபு கண்ணாடியில் தெரியவில்லை. திடுக்கிட்டதில் தாடை கீறிவிடுகிறது. ரத்தத்தைப் பார்த்ததும் பிரபு அவன் தொண்டைக்குப் பாய்கிறான். கை ஜெபமாலையில் பட்டதும் அப்படியே அடங்கிவிடுகிறான்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அந்தக் கெழவி நல்லாருப்பா. தெரிஞ்சதச் சொன்னா, கைல இருந்ததக் குடுத்தா. வேற என்ன செய்வா அவ?"

ஜூன் 12

அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். "என்ன வந்தாலும் அம்மாகிட்ட மூச்சு விடாத. சாதாக் கட்டின்னு சொல்லு, போதும்." டாக்டரிடமும் சொல்லிவைத்துவிட்டானாம். அதுதான் ரவுண்ட்ஸ் வரும்போது அவர் அம்மாவின் பாதத்தைத் தட்டி "நல்லா இருக்கீங்க பாட்டி" என்கிறார். ஃபைலை மட்டும் என் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார். அம்மா ஃபைலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள்.

கோட்டையில் எந்தப் பக்கம் போனாலும் கதவு, எல்லாம் பூட்டிய கதவு.

ஜூன் 13

கதையில் இங்கிலாந்தின் கடலோர ஊர் விட்பி வந்துவிட்டேன். வார்னாவிலிருந்து கிளம்பிய டெமீட்டர் கப்பல், சுக்கானோடு சேர்த்துக் கையைக் கட்டிக்கொண்ட நிலையில் செத்துக் கிடக்கும் கேப்டன், புயலில் கரை தட்டியதும் குதித்தோடும் பெரிய நாய். 1885-ல் டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் விட்பியில் நிஜமாகவே கரை தட்டியது. ஸ்டோக்கர் 1890-ல் அந்த ஊரில் தங்கியபோது விசாரித்துத் தெரிந்துகொண்டார். இதெல்லாம் பிரமாதம். ஆனால் நான் மாட்டிக்கொண்டது இங்கே இல்லை, மினாவின் தோழி லூசியின் அறையில்.

லூசி நாளுக்கு நாள் வெளுக்கிறாள். டாக்டர் வான் ஹெல்சிங் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருகிறார். அவருக்கு என்னவென்று தெரிந்துவிட்டது, ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறார். ஹார்லெமிலிருந்து பெட்டி நிறையப் பூண்டுப் பூ வரவழைக்கிறார். ஜன்னல் சட்டம் முழுக்கத் தேய்க்கிறார், கதவில், கணப்படுப்பைச் சுற்றி, லூசியின் கழுத்தில் மாலையாக. எதற்கு என்று யாருக்கும் விளக்கவில்லை. ராத்திரி லூசியின் அம்மா எட்டிப் பார்க்கிறாள். அறை புழுங்குகிறது, பூ நாறுகிறது. பிள்ளைக்கு மூச்சு முட்டுமே என்று எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறாள். காலையில் அதைச் சந்தோஷமாக, பெருமையாகச் சொல்கிறாள். அவள் முன்னால் சிரித்தபடி நிற்கும் வான் ஹெல்சிங், அவள் நகர்ந்ததும் லூசிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் செவார்டை சாப்பாட்டு அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். அப்போதும் அவளிடம் சொல்லக் கூடாதாம். அவளுக்கு இதயம் பலவீனம், அதிர்ச்சி தாங்காதாம்.

சரி, சொல்லாமல் விட்டதில் அவள் பிழைத்தாளா? நாலே நாளில் ஓநாய் ஜன்னலை உடைத்துத் தலையை நீட்ட, பயத்தில் கைக்கு அகப்பட்டதைப் பிடிக்கிறாள். அது மகளின் கழுத்து மாலை. அதைப் பிய்த்துக்கொண்டே சாகிறாள். செப்டம்பர் 20-ல் லூசியும் போகிறாள்.

இந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாளில் பசை முழுக்க விட்டுவிட்டது. வான் ஹெல்சிங் கெட்டவர் இல்லை. அண்ணனும் கெட்டவன் இல்லை, என்னைவிட அவனுக்குத்தான் அம்மா மேல் உயிர். அந்தத் தாயும் கெட்டவள் இல்லை. எல்லாரும் பாசத்தில்தான் செய்கிறார்கள். ஜன்னல் திறந்துவிடுகிறதே.

இதை அம்மாவுக்குச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"பூண்டு எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பெத்தவ ஏன் எடுக்கப் போறா?" என்றாள். கோபமாகச் சொன்னாள். அம்மாவுக்கு இவ்வளவு கோபம் வந்து நாளாயிற்று.

ஜூன் 14

ஹீமோகுளோபின் 6.8. ஒரு யூனிட் ஏற்றினார்கள். ரத்த வங்கிக்குச் சித்தி மகன் ஓடினான். பையில் இருந்த நம்பர், ஃபைலில் இருந்த நம்பர், வகை, தேதி எல்லாவற்றையும் இரண்டு நர்ஸ்கள் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார்கள். ஏற்ற ஆரம்பித்த பிறகு ஒருவர் கொஞ்ச நேரம் நகராமல் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்கிறதா, முதுகு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

லூசிக்கு நாலு பேர் ரத்தம் கொடுக்கிறார்கள். அவளை மணக்கப்போகும் ஆர்தர், செவார்ட், வான் ஹெல்சிங், அவளை விரும்பிய குவின்சி மோரிஸ். யாருக்கும் வகை பார்க்கவில்லை, பார்க்க வழியும் இல்லை. நாவல் 1897-ல் வந்தது, லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளை அறிவித்தது 1901-ல். திடகாத்திரமான ஆணா, அன்பு உள்ளவனா, அவ்வளவுதான் தகுதி. பிரபுவிடம் தப்பினாலும் இதில் போயிருப்பாள் என்று பயந்துகொண்டே படித்தேன். இதிலும் ஒரு மறைப்பு உண்டு. செவார்ட் ரத்தம் கொடுத்தது ஆர்தருக்குத் தெரியக் கூடாது, பொறாமைப்படுவான் என்கிறார் வான் ஹெல்சிங்.

அம்மாவின் உதட்டில் சாயங்காலம் நிறம் வந்திருந்தது.

ஜூன் 15

காய்ச்சல் 101. புத்தகத்தைத் தொடவில்லை.

ஜூன் 16

காய்ச்சல் இறங்கிவிட்டது. தூக்கம் வரவில்லை.

இந்த நாவலின் முதல் பதிப்பு மஞ்சள் துணி அட்டை, சிவப்பு எழுத்து, விலை 6 ஷில்லிங். லண்டனில் கான்ஸ்டபிள் நிறுவனம் போட்டது. 1901-ல் அவர்களே காகித அட்டையில் 6 பென்ஸுக்கு இறக்கினார்கள். ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்றால், பன்னிரண்டில் ஒரு பங்கு விலை. ஆனால் அது முழுக் கதை இல்லை, ஸ்டோக்கரே வெட்டிச் சுருக்கிக் கொடுத்தது. அவர் 1912-ல் இறந்தார், பிரிட்டனில் காப்புரிமை 1962-ல் முடிந்தது. அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று ஆனதால்தான் 120 ரூபாய்க்கு ஒரு வரி குறையாத நாவல் பிளாட்பாரத்தில் கிடைக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஸ்டோக்கர் சின்ன வயதில் ஏழு வயதுவரை படுத்த படுக்கை. என்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கு அவர் அம்மா சார்லட், 1832-ல் அயர்லாந்தின் ஸ்லைகோ ஊரில் காலரா வந்தபோது தான் கண்டதைக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். உயிர் போகும் முன்பே புதைக்கப்பட்டவர்களைப் பற்றியும் சேர்த்துத்தான். பின்னாளில் அதை எழுதியும் கொடுத்திருக்கிறார். படுத்துக் கிடக்கிற பிள்ளையிடம்! அந்த அம்மாவை நினைத்துக்கொண்டே விழித்திருக்கிறேன்.

ஜூன் 17

256-ஆம் பக்கத்தைத் திருப்பினால் மறுபடி 241. அப்பா அச்சகத்தில் இருந்தவர், அதனால் பார்த்ததும் புரிந்தது. ஃபாரம் மாறிவிட்டது. 16 பக்க ஃபாரம் ஒன்றை இரண்டு தடவை அடுக்கி, அடுத்ததை விட்டிருக்கிறார்கள். 257 முதல் 272 வரை இல்லை.

அதுவும் எந்த இடத்தில்! மினாதான் எல்லாருடைய நாட்குறிப்பையும் தட்டச்சு செய்து, தேதிவாரியாக அடுக்கி, நடந்தது என்ன என்பதையே கண்டுபிடிக்க வைக்கிறாள். அந்த மினாவை இனிமேல் எதிலும் சேர்க்க வேண்டாம், பெண் மனசு தாங்காது என்று ஆண்கள் முடிவு செய்கிறார்கள். அவர்கள் ராத்திரி வேட்டைக்குப் போகிறார்கள், அவள் தனியே படுத்திருக்கிறாள். இப்படி இருட்டில் வைக்கப்பட்டிருப்பது விசித்திரமாக இருக்கிறது என்று எழுதுகிறாள். கதவிடுக்கு வழியே பனி உள்ளே வருகிறது. அது கனவு என்று நினைக்கிறாள்.

அதோடு ஃபாரம் போய்விட்டது.

ஜூன் 18

விட்ட பக்கங்களைப் போனில் படித்தேன். விளக்கு அணைத்த வார்டில், போர்வைக்குள் வைத்துக்கொண்டு.

மினா வெளுத்திருப்பதைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டவன் ரென்ஃபீல்டுதான். ஈயும் சிலந்தியும் தின்கிறான் என்று செவார்ட் தன் மனநல விடுதியில் பூட்டிவைத்த நோயாளி. தேநீர்க் கூஜாவில் தண்ணீர் சேர்த்த பிறகு வருகிற தேநீர் மாதிரி இருந்தாள் என்று சாகும் நேரத்தில் சொல்கிறான். கட்டின புருஷன் களைப்பு என்று நினைத்தான். டாக்டர் தூக்க மருந்து கலந்து கொடுத்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு!

ஜூன் 19

புத்தகம் திரும்பச் சேர்கிற இடத்தில், அக்டோபர் 3, ஹார்க்கர் எழுதுகிறான். முதலில் எடுத்த முடிவு, மினாவிடம் இனி எதையும் மறைப்பதில்லை, எவ்வளவு வலி தருவதாக இருந்தாலும் சரி. பிரபு அவளைக் கடித்த பிறகு எடுக்கிறார்கள் இந்த முடிவை. பென்சிலால் கோடு போட்டேன், தாள் கிழிந்துவிட்டது.

அண்ணனிடம் போனில் படித்துக் காட்டினேன். "கதையையும் இதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாத" என்றான்.

மத்தியானம் சித்தி வந்தாள். லிஃப்ட் பக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தை மாசமே அம்மா அவளிடம் சொல்லிவிட்டாளாம், எங்கே வலி, எப்போதிருந்து, எல்லாம். "பிள்ளைகளுக்குத் தெரிய வேணாம்னு தலைல அடிச்சு சத்தியம் வாங்கிட்டா."

லூசியின் அம்மாவும் அப்படித்தான். இன்னும் சில மாசம்தான் என்று டாக்டர் சொன்னதை மினாவிடம் மட்டும் சொல்கிறாள், மகளிடம் சொல்லவில்லை. நான் அந்த இடத்தைக் கதையில் சொன்னபோது அம்மா தண்ணீர் கேட்டாள்.

தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. ஒவ்வொரு மாசமும் வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், வந்தேன். பரிமாறினாளே. நின்றுகொண்டேதானே பரிமாறினாள்.

ஜூன் 20

"மீனாட்சி என்ன ஆனா?"

சொன்னேன். அவள் ஜோனதனிடம் சத்தியம் வாங்குகிறாள், கடிபட்ட பிறகு நெற்றியில் விழுந்த தழும்பு இருக்கும்வரை திட்டம் எதையும் எனக்குச் சொல்லாதே என்று. அவளுக்குத் தெரிவது பிரபுவுக்கும் தெரிந்துவிடலாம் என்பதால். முன்னே ஆண்கள் மறைத்ததும் இதுவும் ஒன்றா? இல்லை. இது அவளாகக் கேட்டது. எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. அப்புறம் அக்டோபர் 11-ல் எல்லாரையும் உட்கார வைத்து, தனக்கான அடக்க ஜெபத்தை இப்போதே, தன் காதில் விழும்படி வாசிக்கச் சொல்கிறாள். ஹார்க்கர்தான் வாசிக்கிறான்.

இதைச் சொல்லலாமா என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன்.

அம்மா ரொம்ப நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். "கெட்டிக்காரி" என்றாள். அப்புறம், "பேப்பர் எப்ப வரும்?" இதுவரை அம்மா இதைக் கேட்டதே இல்லை.

நாளைக்கு என்றேன்.

"கண்ணாடிய எடுத்து வை."

ஜூன் 21

ரிப்போர்ட் 4 மணிக்கு. அண்ணன் பஸ் ஏறிவிட்டான். டாக்டர் அறைக்கு என்னை மட்டும் கூப்பிட வேண்டாம், அம்மா கட்டிலுக்கே வந்து சொல்லுங்கள், அவங்களே கேட்டிருக்காங்க என்று நர்ஸிடம் சொல்லியாயிற்று. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அண்ணனுக்கு இன்னும் தெரியாது. வந்ததும் கீழேயே நிறுத்திச் சொல்ல வேண்டும். கத்துவான், கத்தட்டும். நாவலில் கடைசி அத்தியாயம் பாக்கி, டிராகுலா கோட்டைக்கு வழியான போர்கோ கணவாய்க்குப் பனியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். அம்மா சாப்பிட வேண்டும், இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.