லேக் ஃபோர்க்கில் எந்த மரத்தடியில் கிராப்பி?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸிலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் லேக் ஃபோர்க்கில் மரம் தேடி அலைய வேண்டியதில்லை. 1980-ல் அணையை மூடி நீர் தேக்கியபோது ஏராளமான மரங்களை வெட்டாமல் விட்டுவிட்டதால், பட்டமரங்கள் இன்றும் ஏரிக்குள் காடாகவே நிற்கின்றன. கிராப்பி மீன் கிளைகளை அண்டி வாழும் என்று படித்துவிட்டுப் போன எனக்கு, இத்தனை மரங்களில் எது என்பதே பெரிய சிக்கலாயிற்று.

அக்டோபரில் சென்ற இரண்டு நாள்களும் ஏறக்குறைய வீண். தலை வெளியே தெரிந்த மரங்களையெல்லாம் சுற்றிச் சுற்றித் தூண்டில் இறக்கியதில் நான்கு மீன்கள் கிடைத்தன. அவற்றில் மூன்று, வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச நீளமான பத்து அங்குலத்துக்குக் குறைவு என்பதால் திரும்ப விட நேர்ந்தது.

நவம்பரில், ஏரி உருவாவதற்கு முன் அச்சான நில அமைப்பு வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு, பழைய ஓடை வளையும் இடங்களை மட்டும் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டேன். மூன்றாவது வளைவில், தரை 18 அடியிலிருந்து 28 அடிக்குச் சட்டென இறங்கும் விளிம்பில், உச்சி முறிந்து நீருக்குள்ளேயே மறைந்துபோன ஒரு மரம், ஒலியலையால் நீருக்கடியைக் காட்டும் சோனார் கருவியில் தெரிந்தது. அடிமரம் வெள்ளைக் கோடாகவும், 16 அடி ஆழத்தில் பக்கவாட்டில் நீண்ட இரண்டு கிளைகளின் மேல் அரிசியை இறைத்தாற்போல் மீன்களைக் காட்டும் புள்ளிகளும் திரையில் இருந்தன. சற்றுத் தள்ளி, இரையான ஷாட் மீன் கூட்டம் மங்கலான மேகம்போல் நகர்ந்தது.

1/16 அவுன்ஸ் ஜிக்கை (எடை கோத்த செயற்கை இரைத் தூண்டில்) நேராக 18 அடிக்கு இறக்கிக் கால் மணி நேரம் காத்திருந்தும் எதுவும் தொடவில்லை. கிராப்பியின் கண்கள் மேல்நோக்கிப் பார்ப்பவை. தனக்குக் கீழே தொங்கும் இரையை அது பெரும்பாலும் சட்டைசெய்வதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 14 அடிக்கு உயர்த்தியதும், இழுப்பு ஏதுமின்றித் தூண்டில் நரம்பு மட்டும் தளர்ந்தது. மீன் இரையோடு மேலே வந்திருக்கிறது! பதற்றத்தில் வெடுக்கென்று சுண்டியதால், காகிதம்போன்ற அதன் வாய்த்தோல் கிழிந்து முதல் மீன் தப்பியது. அடுத்தடுத்துத் தூண்டிலை நிதானமாக உயர்த்தியதில் ஒன்பது கிடைத்தன. அங்கிருந்து முப்பது அடி தள்ளி, சமதரையில், இதைவிட அடர்ந்த கிளைகளோடு நின்ற மரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே மரத்தைவிட அது ஓடை விளிம்பில் நிற்கிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

டிசம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதிவரை இந்த ஏரியில் நீள வரம்பு கிடையாது. ஆழத்திலிருந்து இழுக்கப்பட்டுக் காற்றுப்பை உப்பிய மீன் பிழைப்பது அரிது என்பதால், பிடித்த கிராப்பி அனைத்தையும், நாளொன்றுக்கு 25 என்ற அளவுக்குள், வைத்துக்கொண்டே ஆகவேண்டும். எனவே குளிர்காலத்தில் தூண்டில் போட்டுச் சோதிக்கும் எண்ணமில்லை. மீதமிருக்கும் ஏழு வளைவுகளைச் சோனாரால் மட்டும் பார்த்துக் குறிக்கப்போகிறேன்.