வலது கால் பேன்ட்டும் செயின் கறையும்

வேளச்சேரியிலிருந்து தரமணிக்குச் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, என் பேன்ட்டுகளில் இடது கால் புதிதாகவும் வலது கால் கணுக்காலுக்கு மேலே கறுத்தும் இருந்தன. பல்சக்கரமும் செயினும் வலப்பக்கம் இருப்பதால் கறைக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்தக் காலத்துக் கறுப்புச் சைக்கிள்களில் செயினை முழுதாக மூடும் தகரப் பெட்டி இருந்தது. வேட்டியோடு ஓட்டினாலும் கவலையில்லை. என்னுடையது கியர் சைக்கிள். செயின் இப்படியும் அப்படியும் நகர வேண்டும் என்பதால் அந்தப் பெட்டி இதில் பொருந்தாது.

முதலில் பேன்ட்டைக் கட்டிவைத்துப் பார்த்தேன். ரப்பர் பேண்ட் காலை இறுக்கியது. துணி கிளிப் வேகத்தடையில் தெறித்து விழுந்தது. இரண்டு விரல் அகல வெல்க்ரோ பட்டை மட்டும் நின்றது. துணி செயினுக்குள் சிக்குவது அதோடு ஒழிந்தது. கறை ஒழியவில்லை. சிக்னலில் கால் ஊன்றும்போது கெண்டைக்கால் பல்சக்கரத்தில் உரசும். அடுக்ககப் படியில் சைக்கிளைத் தூக்கினாலும் உரசும்.

அதனால் பேன்ட்டை விட்டுவிட்டுச் செயினைக் கவனித்தேன். புது எண்ணெய் கறுப்பாக இருப்பதில்லை. செயினின் வெளிப்புறத்தில் ஈரமாக நிற்கும் எண்ணெயில் சாலைப் புழுதி ஒட்டி, தேய்ந்த இரும்புப் பொடியும் சேர்ந்து மை போலாகிறது. எண்ணெய் தேவைப்படுவதோ உள்ளே, ஆணிக்கும் உருளைக்கும் நடுவில். பழுது பார்ப்பவர் தாராளமாகப் பூசி அனுப்பும் கிரீஸ் நமக்குச் செய்யும் உபகாரம் அல்ல. இப்போது ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, சற்று நேரம் ஊறவிட்டு, பழைய பனியன் துணியால் துடைக்கிறேன். கட்டைவிரலை அழுத்தினால் மெல்லிய சாம்பல் தடம் மட்டும் விழும்வரை துடைக்க வேண்டும். பாதித் தொல்லை இதிலேயே தீர்ந்தது.

அடுத்தது, எண்ணெய்க்குப் பதிலாக மெழுகு. இதற்குச் செயினில் எண்ணெய்ப் பசையே இருக்கக்கூடாது. செயினைக் கழற்றி, டர்பன்டைன் ஊற்றிய பாட்டிலில் போட்டுக் குலுக்கி, திரவம் தெளிவாக வரும்வரை மாற்றி, நன்றாகக் காயவைத்தேன். பாரஃபின் மெழுகு ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் உருகும். அதை நேரடித் தீயில் வைப்பது ஆபத்து. கொதிக்கும் நீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். (அந்தப் பாத்திரம் சமையலறைக்குத் திரும்புவதற்கு வீட்டில் அனுமதி இல்லை.) செயினை இறக்கியதும் உருளைகளிலிருந்து சிறுசிறு குமிழிகள் வரும். அவை நின்றால் மெழுகு உள்ளே போய்விட்டது என்று பொருள். எடுத்துத் தொங்கவிட்டால் ஆறியதும் விறைத்துக்கொள்ளும். கண்ணி கண்ணியாக மடக்கி இளக்கிய பிறகே மாட்டினேன்.

பலன் அபாரம். வெறும் கையால் செயினைப் பிடித்துவிட்டு அதே கையால் சட்டைப் பொத்தான் போடலாம். ஆனால் மழை மெழுகுக்கு ஆகாது. ஒரு மாலை நன்றாக நனைந்த செயினில் மறுநாளே செம்மண் நிறத்தில் துரு தெரிந்தது. ஆகவே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை முடியும்வரை, எண்ணெயும் வெல்க்ரோவும்தான்.

ஏற்கெனவே பட்ட கறைக்கு: முதலில் தண்ணீர் காட்டக்கூடாது. உலர்ந்த துணியிலேயே பாத்திரம் தேய்க்கும் திரவத்தை விட்டு, அடியில் கந்தல் துணி வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, வெந்நீரில் அலச வேண்டும். பழைய கறையென்றால் முதலில் தேங்காய் எண்ணெய் தடவி இளக்கிக்கொள்ளலாம். கறை முழுதும் போகும்வரை இஸ்திரி போடக்கூடாது, சூட்டில் கறை நிலைத்துவிடும். இவ்வளவு செய்தும் வெளிர்நிறக் காக்கி பேன்ட்டில் ஒரு நிழல் தங்கிவிட்டது. அது இனி காய்கறி வாங்கப் போவதற்கு.

அடுத்து, முன் பல்சக்கரத்தின் வெளிப்பக்கம் பொருத்தும் பிளாஸ்டிக் வளையம் ஒன்று வாங்கப்போகிறேன். என் பல்சக்கரத்தின் துளைகளுக்குப் பொருந்துகிற அளவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.