எடைக்கு முதுகு காட்டி நின்றேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் எடை எத்தனை கிலோ என்று இதில் எங்கும் எழுதப் போவதில்லை. சாப்பாட்டோடும் எடையோடும் மல்லுக்கட்டுகிற நோயில் கிடந்த நாட்களில் அடுத்தவர்கள் எழுதிய எண்களைத் தேடித் தேடிப் படித்து, அவற்றோடு போட்டி போட்டவள் நான். அந்தத் தீனியை இன்னொருத்திக்கு நான் போடமாட்டேன்.

எங்கள் வீடு பாம்பனில். அப்பா விசைப்படகில் போகிறவர். அம்மா பாசி எடுக்கிறவள். மாதத்தில் 12 நாள் கடலில் மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பிய்த்துக் கொண்டுவந்து காயவைத்து விற்பாள். பாறை கிழித்துவிடாமலிருக்கப் பழைய சேலைத் துணியை விரல் விரலாகச் சுற்றிக்கொள்வாள். எடை போடும்போது வியாபாரி மண், ஈரம், சிப்பி என்று சொல்லிக் கழிவு போடுவார். அம்மா விடமாட்டாள், கரையே கேட்கிற மாதிரி சண்டை நடக்கும். எடை குறைந்துவிடக் கூடாது என்று மல்லுக்கு நிற்கிறவளுக்கு, எடையைக் குறைப்பதே பிழைப்பாகிப்போன மகள் வாய்த்தேன்.

தொடக்கம் அற்பமானது. 2022-இல் அக்காள் கல்யாணம். எனக்குத் தைத்த ரவிக்கை கொஞ்சம் பிடித்தது. "இவள் கொஞ்சம் இளைத்தால் அடுத்த வருஷமே முடித்துவிடலாம்" என்றார் அத்தை. மனதில் வைத்துச் சொன்னதில்லை, வெற்றிலை போடுகிற மாதிரி சொன்னது. அப்போது எனக்கு 19 வயது. கைபேசியில் 'முன்பு, பின்பு' படங்கள் வேறு வந்து குவிந்தன. அடுத்து தவக்காலம். ஒருசந்தி இருக்கிறேன் என்றேன். 40 நாளும் ஒருவேளைச் சோறு தின்கிற பிள்ளை என்று தெருவில் பெயர் எடுத்தேன். ஈஸ்டர் போன பிறகும் என் ஒருசந்தி முடியவில்லை.

பகலெல்லாம் பட்டினி. இரவில் எல்லோரும் உறங்கியதும் அடுக்களை இருட்டில் நின்றுகொண்டே தண்ணீர்ச் சோற்றுப் பானையில் கைவிடுவேன். ருசி தெரியாது, வயிறு வலிக்கும், நிறுத்த முடியாது. பிறகு குளியலறை. அதற்கு மேல் விவரம் வேண்டாம். காலையில் பானை காலியாக இருந்தால் பூனை என்பேன். எங்கள் வீட்டில் மூடியைத் திறந்து திரும்ப மூடிவைக்கிற பூனை இருந்தது.

என் கன்னம் இரண்டும் உப்பின. "பூசினாற்போல் இருக்கிறாய், கல்யாணக் களை" என்றார்கள். எனக்கோ முகம் கொழுத்துவிட்டது என்று பயம், இன்னும் பட்டினி. அது வாந்தியால் எச்சில் சுரப்பி வீங்கியது என்று பின்னால்தான் தெரிந்தது.

மாதவிலக்கு நான்கு மாதம் நின்றபோது அம்மா விழித்துக்கொண்டாள். தெருவும் விழித்துக்கொண்டது, ஆனால் வேறு மாதிரி. முதலில் பார்த்த பெண்கள் மருத்துவர் ஸ்கேன் எடுத்தார், கர்ப்பமில்லை என்றார், எடையைக் குறைக்கச் சொல்லி அச்சடித்த உணவுத் தாளைக் கொடுத்தார். சாப்பிடுகிறாயா, சாப்பிட்டது உள்ளே தங்குகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தால் கேட்டிருப்பார்களோ என்னவோ. எடை சராசரியாகவே இருந்து உள்ளே உடம்பு உதிர்ந்துகொண்டிருக்க முடியும். அந்தத் தாளை நான் மருந்துச் சீட்டு மாதிரி பத்திரமாக வைத்திருந்தேன்.

கண்டுபிடித்தது அம்மாதான். ஒருநாள் சோறு போடும்போது என் வலது கையைப் பிடித்தாள். விரல் முட்டியில் தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தது, பல் பட்டுப் பட்டு. கீறலும் காய்ப்பும் அவளுக்குத் தெரியாத விஷயமா? தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நீ எந்தப் பாறையில் கை வைத்தாய், பிள்ளை?"

சொல்லிவிட்டேன்.

மறுநாள் இரவு 14416-ஐ அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசில்லை, எந்நேரமும் தமிழில் பேசுகிறார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வரச் சொன்னதும் அம்மா போனைப் பிடுங்கி, "என் பிள்ளையைக் கட்டிப் போடுவார்களா?" என்று கேட்டாள். எங்கள் மாவட்டத்தில் மனநலம் என்றால் ஏர்வாடி என்றுதான் பேச்சு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் வெந்து போனார்கள். நான் பிறக்குமுன் நடந்தது, அம்மாவுக்கு நேற்று நடந்தது. சங்கிலி போடுவது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று போனில் பேசிய பெண் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் போன் என் கைக்கு வந்தது.

பாலம் தாண்டி ராமநாதபுரத்துக்கு பஸ். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான், இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று ஈசிஜியும் எடுத்தார்கள். நோயின் பெயர் புலிமியா, அடக்க முடியாமல் தின்பதும் பிறகு வாந்தி எடுப்பதுமாகச் சுழல்கிற நோய். "புலியா?" என்றாள் அம்மா. கிரேக்கத்தில் மாட்டுப் பசி என்று அர்த்தமாம். நாம் யானைப் பசி என்போம்.

மருத்துவர் ஒரு கதை சொன்னார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944–45-இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கு நினைப்பெல்லாம் சோறு. சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், கட்டுப்பாடு தளர்ந்ததும் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தின்றவர்கள் உண்டு. விடிய விடிய சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த நான் தலைகுனிந்து கேட்டேன். ஒழுக்கம் போதவில்லை என்று இத்தனை நாளும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். பானையில் கை விட்டது பட்டினி.

சிகிச்சை இதுதான்: மாத்திரை ஒன்று, வாரம் ஒருமுறை பேச்சு, சாப்பிடுவதை எழுதிவைக்க ஒரு நோட்டு, மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு சிறுதீனி. இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பசிக்கவில்லை என்பது செல்லாது, பசியே பழுதாகிக் கிடந்ததால் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் யாராவது கூட இருக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம்தான் மலை. முதல் வாரம் சோறும் சூடைமீன் குழம்பும் தொண்டைக்குழியில் நிற்பது போலிருக்கும், குளியலறைக் கதவு கண்ணை இழுக்கும். அம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, அவளுக்கு அது வராது. காய்ந்த பாசிச் சாக்கை நடுவில் கொட்டி, பாதியை என் பக்கம் தள்ளினாள். சிப்பி, கல், பவளத் துண்டு, நூல் என்று பொறுக்கிப் போட வேண்டும். விரல் நுனியெல்லாம் உப்பு. வாசலில் நிழல் நகரும். ஒரு சாக்கு முடிவதற்குள் கதவு மறந்துபோகும், சில நாள் மறக்காது.

2023 மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா 61 நாளும் வீட்டில். "எதற்கு இவளுக்குப் போலீஸ் காவல்?" என்றார். அம்மா சொன்னாள். அவர் எழுந்து வெளியே போனார், நண்டோடு வந்தார், ஒன்றும் பேசாமல் ஓடு உடைத்துச் சதையை என் தட்டில் வைத்தார். அன்று தின்றேன். அடுத்த வாரம் மூன்று இரவு திரும்பவும் விழுந்தேன். நோட்டில் எழுதினேன். முதல் விழுகைக்கு முன் மதியச் சாப்பாட்டை விட்டிருந்தது நோட்டில்தான் தெரிந்தது.

மறு தவக்காலத்தில் நோன்பு எடுக்கலாமா என்று பங்குச் சாமியாரிடம் போனேன், உள்ளுக்குள் ஓர் ஆசையோடுதான். திருச்சபை கட்டாயமாகக் கேட்கும் நோன்பே சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டு நாள், நோயாளிக்கு அதுவும் இல்லை என்றார். "நீ சாப்பிடுவதுதான் உனக்குத் தவம், போ."

மருத்துவமனையில் எடை பார்க்கும்போது எண் தெரியாமல் முதுகைத் திருப்பி நிற்கச் சொல்வார்கள். எண்ணைப் பார்க்கிறவள் அம்மா. முகத்தில் ஒரு குறிப்பும் காட்டமாட்டாள், பாசி வியாபாரியிடம் பழகிய முகம். மாதவிலக்கு திரும்பியது, கன்னம் வடிந்தது, இரவுப் பானை மூடியபடி இருக்கிறது. போன மாதம் திரும்பி வருகிற பஸ்ஸில், பாலத்தின் நடுவில், எவ்வளவு இருந்தது என்று கேட்டுவிட்டேன்.

"கழிவோடா, கழிவு போகவா?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.