கோட் ப்ளூ ஆய்வு: டியூப் போட்டது எத்தனை மணிக்கு?

ஆஸ்பத்திரிக்குள் ஒருவருக்கு இதயம் நின்றுபோனால் அவசர டீமைக் கூப்பிடும் அறிவிப்புதான் கோட் ப்ளூ. அப்போது மூச்சுக்குழாயில் டியூப் போடுவது பிழைக்க உதவுகிறதா என்பதுதான் எங்கள் ஆய்வு. அதற்கு எத்திக்ஸ் கமிட்டியைத் தாண்ட இரண்டு கூட்டம் ஆனது. முதல் கூட்டம் கைநழுவியதற்கும் ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. இணை ஆய்வாளர் ஒருவரின் ஜி.சி.பி. (மருத்துவ ஆய்வு நடத்தும் நெறிகளில் பயிற்சி) சான்றிதழ் பழையதாம். பன்னிரண்டு செட் நகலோடு போய் நின்றபோதுதான் கிளார்க் சொன்னார். அதற்கு முந்தின வாரம் "எல்லாம் சரியா இருக்கு சார், கொண்டு வாங்க" என்றவரும் அவரேதான். கமிட்டி கூடுவது மாதத்துக்கு ஒரு தடவை. அதனால் என்னென்ன பேப்பர் வேண்டும் என்று வாயால் கேட்காதீர்கள். கடைசியாகப் பாஸான ஒரு ஃபைலை இரவல் வாங்கி, அதைப் பார்த்து அடுக்குங்கள்.

இரண்டாவது கூட்டத்தில் ஒரு உறுப்பினர், "இதெல்லாம் 2018லேயே முடிஞ்சுபோன கேள்விதானே?" என்றார். அந்த வருடம் வந்த ஏர்வேஸ்-2 ஆய்வில் 9,296 பேர், ஐ-ஜெல்லா (மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தொண்டையிலேயே உட்காரும் சாதனம்) டியூபா என்ற ஒப்பீடு. ஆனால் அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்கு வெளியே விழுந்தவர்கள், கையாண்டவர்கள் இங்கிலாந்தின் பாராமெடிக்குகள். வார்டில் ஒருவருக்கு இதயம் நின்றுபோனால் சில நிமிடத்தில் டீம் வந்துவிடும், சில சமயம் அனஸ்தீசியா டாக்டரும் இருப்பார். அந்த முடிவை அப்படியே வார்டுக்குள் கொண்டுவர முடியாது. இந்தப் பதிலை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சம்மதம் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போது யாரிடம் கையெழுத்து வாங்குவது? டீம் வழக்கமாகச் செய்வதைக் குறித்துக்கொள்வது மட்டும் என்றால், ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 நெறிமுறைகளைக் காட்டிச் சம்மத விலக்கு கேட்கலாம். 30 நாள் கழித்துப் போன் செய்து விசாரிப்பதற்குத் தனிப் படிவம். பிழைத்தவரிடமோ வீட்டாரிடமோ பிறகு வாங்குவது. இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டியதும் விவாதம் ஓய்ந்தது. இன்னாருக்கு ஐ-ஜெல், இன்னாருக்கு டியூப் என்று நீங்களே ஒதுக்கினால் இந்தச் சலுகை எதிர்பார்க்காதீர்கள், அது வேறு பாதை.

பெங்களூரில் படிவம் கன்னடத்தில் மட்டும் இருந்தால் போதாது. ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வருபவர்கள் பாதி வார்டில் இருப்பார்கள். மொழிபெயர்ப்பு ஏஜென்சி தந்த தமிழில் 'மூச்சுப்பெருங்குழல் உட்செலுத்தல்' என்று இருந்தது. அல்சூரைச் சேர்ந்த அட்டெண்டர் படித்துவிட்டு, "என்ன சார், பரீட்சை பேப்பரா?" என்றார். 'தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் டியூப் போடுதல்' என்று மாற்றினோம். ஒரு வரி மாறினாலும் புது வெர்ஷன் நம்பர், மறுபடி கமிட்டி சீல். கமிட்டியிடம் கொடுப்பதற்கு முன்பே யாரிடமாவது படிக்கக் கொடுத்துவிடுங்கள்.

சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவில் தலைப்பு, ஒப்புதல் கடிதத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். நாங்கள் ஒரு சொல்லை விட்டதில் திரும்பி வந்தது. முதல் நோயாளியைச் சேர்த்த பிறகு பதிவு கிடையாது, 2018 ஏப்ரலிலிருந்து அதுதான் விதி.

எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற சாம்பிள் கணக்குக்காகப் பழைய கேஸ்களை எடுக்கப் போனது இரண்டு முழு நாள் தண்டம். ரெக்கார்ட் ரூமில் தந்தது டிஸ்சார்ஜ் ரெஜிஸ்டர். இறந்தவர்களின் ஃபைல் வேறு அலமாரி; எம்.எல்.சி. (போலீஸ் கேஸ்) ஃபைல் பூட்டுக்குள், சூப்பரிண்டெண்டெண்ட் கடிதம் இல்லாமல் தொட முடியாது. அந்த லிஸ்ட்டை நம்பியிருந்தால் எங்கள் வார்டில் இதயம் நின்றவர்கள் அநேகமாக எல்லோரும் பிழைத்ததாக வந்திருக்கும்! சரி என்று ஐ.சி.டி. (நோய்களுக்கான சர்வதேசப் பட்டியல்) கோடு ஐ46, அதாவது இதயம் நின்றது, போட்டுத் தேடினால் நேர் எதிர். எந்த நோயில் இறந்தாலும் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதும் பழக்கம். சாகும் விதத்தை எழுதாதே என்று இறப்புச் சான்றுப் படிவத்திலேயே அச்சடித்திருந்தும். சி.பி.ஆரே செய்யாத மரணங்களும் குவிந்தன.

உண்மையான லிஸ்ட் இருந்தது டெலிபோன் ஆபரேட்டரிடம். கோட் ப்ளூ அறிவிக்கும்போதெல்லாம் நேரமும் வார்டும் எழுதுகிறார். அதைக் கிராஷ் கார்ட் (அவசர மருந்து வண்டி) ரீஃபில் நோட்டோடு ஒப்பிட்டால் விட்டுப்போனவை தெரியும். ஐ.சி.யூ.வில் பெரும்பாலும் அறிவிக்கவே மாட்டார்கள், அங்கே நோட்டுதான் கதி. ஏற்கெனவே டியூபோ ட்ரக்கியோஸ்டமியோ (கழுத்தில் மூச்சுக்காகப் போட்ட துளை) இருந்தவர்கள், கேஷுவல்டிக்கே இதயம் நின்ற நிலையில் வந்தவர்கள், இருவரையும் கழித்துவிடுங்கள். ஒருவருக்கு இரண்டு முறை நின்றால் முதலாவது மட்டும்.

இனிதான் உண்மையான தலைவலி. கேஸ் ஷீட்டில் 'இன்டியூபேட்டட்' (டியூப் போட்டாயிற்று) என்று இருக்கும், மணி இருக்காது. அது இல்லாவிட்டால் ஆய்வே இல்லை. மூன்றாம் நிமிடத்தில் நாடி வந்தவருக்கு டியூப் தேவைப்பட்டிருக்காது; இருபது நிமிடம் இழுத்தவருக்கு நிச்சயம் போட்டிருப்பார்கள். இரு கூட்டத்தையும் சும்மா ஒப்பிட்டால் டியூப்தான் கொன்றது போலத் தெரியும். 2017ல் வந்த அமெரிக்கப் பதிவேட்டு ஆய்வு 1,08,079 பேரை எடுத்தது. டியூப் போட்ட அந்த நிமிடத்தில், அதேபோல் இன்னும் நாடி வராமல் டியூபும் போடாமல் இருந்த ஒருவரை ஜோடி சேர்த்தார்கள். அப்படியும் டியூப் கூட்டத்தில் 16.3 சதவீதமும் மற்றதில் 19.4 சதவீதமும் பிழைத்தார்கள். நிமிடம் இல்லாத ஷீட்டை வைத்து இந்த ஜோடியைச் சேர்க்க வழியே இல்லை.

ஆகவே குறிக்க வேண்டியவை: அழுத்தம் தொடங்கிய நிமிடம், ஆம்பு பேக் (கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை) தொடங்கியது, லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் கருவி) உள்ளே போனது, கேப்னோகிராபில் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி) அலை வந்தது, எத்தனையாவது முயற்சி, அதற்காக அழுத்தம் நின்ற நொடிகள். ஐ-ஜெல் என்றால் சைஸும், சீல் ஆகாமல் காற்று கசிந்ததா என்பதும். பிறகு நாடி திரும்பிய நிமிடம்.

கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒரு வார்டின் டீஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷின்) நான்கு நிமிடம் முன்னால் ஓடியது, சுவர்க் கடிகாரம் பின்னால். திங்கட்கிழமைதோறும் எல்லா மெஷினையும் மொபைல் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதி வைத்தோம். மெஷின் துப்பும் தெர்மல் பேப்பரை அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், சில மாதத்தில் வெளுத்துவிடும்.

யார் எழுதுவது என்பதில்தான் கடைசியில் ஜெயித்தோம். மருந்து ஏற்றும் சிஸ்டரிடம் கொடுத்தால் எல்லாம் முடிந்தபின் ஞாபகத்திலிருந்து எழுதுவார். எல்லா நேரமும் 0, 5 என்று முடியும். நோயாளியைத் தொடாத ஒருவர்தான் எழுத வேண்டும். அவருக்கு ஒரே பக்கக் கார்டு, கிராஷ் கார்ட்டில் கிளிப் போட்டு மாட்டியது. கூடவே பேனா, கயிற்றில் கட்டி. கயிறு இல்லாமல் வைத்த ஐந்து பேனாவும் மூன்றே வாரத்தில் போய்விட்டன.