சென்னை மொட்டைமாடியில் கேக்டஸ்: மண், மழை, அழுகல், ஒட்டு

சென்னை மாதிரி கடலோர ஊரில் கேக்டஸ் சாவது பெரும்பாலும் வெயிலால் இல்லை. இரவுப் புழுக்கத்தில் காயாமல் கிடக்கும் மண்தான் கொல்கிறது. இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து மூச்சு விடுபவை; அதற்கு இரவு குளிர வேண்டும். மே மாதத்தில் நள்ளிரவிலும் 27, 28 டிகிரி இருந்தால் செடி சோர்ந்து, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும். தொட்டி ஈரம் அப்படியே நிற்கும். அந்தச் சூடும் ஈரமும் பூஞ்சைக்கு மிகவும் பிடித்தவை.

அதனால் எங்கள் தொகுப்பில் முதலில் கைவிட்டது எச்செவேரியாவை. கேக்டஸ் இல்லை, மெக்சிகோ மலையில் வளரும் சதைப்பற்றுச் செடி அது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ரோஜாப்பூ மாதிரி இறுக்கமாக இருப்பது இங்கே கோடையில் அடியிலை அழுகி, தண்டு நீண்டு போகிறது. நன்றாகத் தேறியவை மெலோகாக்டஸ், அஸ்ட்ரோஃபைட்டம், ஃபெரோகாக்டஸ் ஆகிய கேக்டஸ்களும், அடீனியம், யூஃபோர்பியா மாதிரி சதைப்பற்றுச் செடிகளும். ஜிம்னோகாலிசியத்துக்கு அரை நிழல் வேண்டும். ஹவோர்த்தியா கிழக்கு ஜன்னலோரம் போதும் என்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் மெலோகாக்டஸில் தொடங்கலாம். வெப்பமண்டலச் செடி என்பதால் நம் இரவுகள் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

நர்சரியிலிருந்து வரும் செடி அநேகமாகத் தேங்காய் நார்த்தூளில் இருக்கும். அதை அப்படியே விடக்கூடாது. காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது, நனைந்தால் மழைக்காலத்தில் நாள்கணக்கில் காயாது. வேரை உதறி, நடுவில் இருக்கும் இறுகிய உருண்டையையும் பிரித்தெடுத்து, செத்த வேரை வெட்டி, நிழலில் 3, 4 நாள் போட்டுவைக்க வேண்டும். பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

கலவை இது: பியூமிஸ் (துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) 3 மக், உடைத்த செங்கல் ஜல்லி 2 மக், பருமணல் 1 மக், மண்புழு உரம் 1 மக், நொறுக்கிய அடுப்புக்கரி அரை மக். பியூமிஸ் விலை கட்டாது என்றால் செங்கல் ஜல்லியையே 5 மக் போடலாம். தொட்டி கனக்கும், செடிக்குக் குறையில்லை. அளவைவிடச் சலிப்பதுதான் முக்கியம். 2 மி.மீ. கண் சல்லடையில் போட்டு, கீழே விழும் தூள் முழுவதையும் தள்ளிவிட வேண்டும் (உரத்தைத் தவிர). பருமணலாக எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) போட்டால், அதில் கல்மாவு நிறைய. தண்ணீர் தெளியும்வரை அலசாமல் சேர்த்தால் சில மாதங்களில் அடியில் சிமென்ட் போல இறுகிவிடும். தொட்டியை நிரப்பி ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: மேலே குளம் கட்டாமல் உடனே இறங்கினால் கலவை சரி. மெலோகாக்டஸுக்கு மட்டும் உரத்தை ஒன்றரை மக் ஆக்குவது நல்லது. அது எலும்பாகக் காய்வதை விரும்பாது.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைப்பதில் அர்த்தமில்லை. ஒரு ஈர்க்குச்சியைத் தொட்டி அடிவரை செருகி 10 நிமிடம் கழித்து எடுத்தால், குச்சியில் ஈரமோ ஒட்டிய மண்ணோ இருந்தால் ஊற்ற வேண்டாம். போர் தண்ணீர் உப்பானது என்றால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டும், செடியின் அடிப்பகுதி பழுப்பாகும். மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்தால் இந்தப் பிரச்சினை பெருமளவு குறைகிறது.

புதுச் செடிக்கு முதல் 3 வாரம் 50 சதவீத நிழல்வலை. நேராக மொட்டைமாடி வெயிலில் வைத்தால் மேற்குப் பக்கத்தில் வெளிறிய தழும்பு விழும். அது ஆறாது, செடி வளர வளரக் கீழே இறங்கும், அவ்வளவுதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூரை கட்டாயம். சரிவாகக் கட்டிய ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட், நான்கு பக்கமும் திறப்பு. சாரலுக்குப் பயந்து பக்கங்களைத் தார்ப்பாயால் மூடினால் காற்று நின்று, மழையில் நனைந்ததைவிட அதிகச் செடி அழுகும். சாரல் படும் ஓரத்தில் சப்பாத்திக்கள்ளி, யூஃபோர்பியா மிலி மாதிரி தாங்கும் செடிகளை வரிசை கட்டி, மற்றவற்றை உள்ளே தள்ளுவதுதான் சரியாக வந்தது.

அழுகலை முன்கூட்டியே காட்டிக் கொடுப்பது நிறம். பளபளப்புப் போய் மங்கும், அடி மஞ்சளாகும், விரலால் அழுத்தினால் குழையும், செடி ஒரு பக்கம் சாயும். அன்றே கத்தி எடுக்க வேண்டும். அடியிலிருந்து மெல்லிய வில்லைகளாக வெட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வெட்டுமுகத்தின் நடுவில் ஒரு வளையம் தெரியும்; செடிக்குள் தண்ணீர் போகும் குழாய்கள் அவை. வளையத்தில் செம்பழுப்புப் புள்ளி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. அந்த ஒரு புள்ளி வழியாகவே அழுகல் மீண்டும் ஏறும். சுத்தமான வெண்பச்சை வந்ததும் விளிம்பைச் சுற்றிலும் சாய்வாகச் சீவ வேண்டும். நடுப்பகுதி காய்ந்து உள்வாங்கும், வேர் வளையத்திலிருந்து வரும்; சீவாவிட்டால் வேர் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். காப்பர் ஆக்ஸிகுளோரைடு அல்லது கந்தகத் தூள் தடவி, மழை நாளென்றால் மின்விசிறிக் காற்றில், 10 நாள் முதல் 2 வாரம் காயவிட்டு, உலர்ந்த கலவைமேல் உட்கார வைத்தால் போதும்.

வெட்டி வெட்டி 2 செ.மீ.தான் மிஞ்சியது என்றால் வேருக்குக் காத்திருக்காமல் டிராகன் ஃப்ரூட் தண்டின்மேல் ஒட்டுக் கட்டிவிடலாம். குளிர்நாட்டில் இந்தத் தண்டு குளிர்காலத்தில் வீணாகிவிடும் என்று தவிர்ப்பார்கள். சென்னையில் அந்தக் கவலையே இல்லை. வேர்பிடித்த, முற்றாத தண்டை 10 செ.மீ. உயரத்தில் நேராக வெட்டி, மூன்று முனைகளையும் சாய்வாகச் சீவி, மிஞ்சிய துண்டை அதன்மேல், இரண்டின் வளையங்களும் ஓரிடத்திலாவது ஒன்றையொன்று வெட்டும்படி சற்று நகர்த்தி வைக்க வேண்டும். தண்டின் வளையம் சிறியது, மேல்செடியின் வளையம் பெரியது. மையத்தோடு மையம் வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று நின்று, தொடாமலே போகும். காற்றுக் குமிழி போக அழுத்தி, தொட்டியின் அடியோடு சேர்த்து இரண்டு ரப்பர் பேண்ட் குறுக்காகப் போட்டு, நிழலில் 7 முதல் 10 நாள். வெட்டில் தண்ணீர் படக்கூடாது.

பூச்சியில் கவனிக்க வேண்டியது வேர் மாவுப்பூச்சி. காரணமில்லாமல் வளர்ச்சி நின்ற செடியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரில் வெள்ளைப் பஞ்சு இருக்கும். மண்ணை உதறி, வேரைக் கழுவி, புது மண்ணில் நடுங்கள். மாவுப்பூச்சி செடியின் உடம்பில் இருந்தால் மாலையில் ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் தடவுங்கள். வேப்பெண்ணெய் தெளித்து வெயிலில் வைத்தால் தோல் வெந்துவிடும்.

விதை போடுவது இப்போது நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. அஸ்ட்ரோஃபைட்டம் காய்க்க வெவ்வேறு விதையில் வந்த இரண்டு செடி வேண்டும். மெலோகாக்டஸ் பெரும்பாலும் தன்னந்தனியாகவே காய்க்கும். உச்சித் தொப்பியிலிருந்து இளஞ்சிவப்புப் பழம் தானே பிதுங்கி வரும். சதையைக் கழுவி விதையை உலர்த்தி, பொடியாகச் சலித்த அதே கலவையில் கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, மேலாகத் தூவி, விதையை மண்ணால் மூடாமல், தொட்டியை ஜிப் பைக்குள் வைக்கிறோம். வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் கூடாது. பைக்குள் சூடேறினால் வெந்துவிடும். புது அஸ்ட்ரோஃபைட்டம் விதை ஒரு வாரத்துக்குள் பச்சை மணியாக முளைக்கிறது. மெலோகாக்டஸுக்கு 3 வாரம்வரை ஆகலாம். பாசி படர்ந்தால் பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். நாற்றுகள் ஒன்றையொன்று இடிக்கும்வரை பிரிக்காமல் விடுவது நல்லது. நெருக்கமாக இருக்கும்போதுதான் அவை வேகமாகப் பருக்கின்றன.