காசியில் அம்மா தேடிய சந்து

அப்பா இருந்தபோதே நேர்ந்துகொண்டது. அவர் போய்ப் பதினோரு வருஷம் கழித்து, போன மார்கழியில்தான் கூடிவந்தது. ராமேஸ்வரத்து மணலைப் பிரயாகையில் கரைத்துவிட்டு அம்மாவோடு காசிக்கு வந்தேன். 78 வயது, முழங்கால் மடங்காது.

1986-ல் அப்பாவோடு வந்தவள் அம்மா. ரயில் ஏறியதிலிருந்து அந்தச் சந்தைப் பற்றியே பேச்சு. எதிரே காளை வந்தால் வளையல் கடைப் படியில் ஏறி நிற்கவேண்டுமாம். வளைந்து வளைந்து போய், இனி வழியில்லை என்று நினைக்கும்போது கோயில் மணி காதில் விழுமாம்.

விஸ்வநாதர் கோயில் வளாகத்துக்குள் போனதும், "என்னடா இது, ஏர்போர்ட் மாதிரி இருக்கு?" என்றாள். கோயிலிலிருந்து கங்கை வரை ஒரே வெட்டவெளி. 2021 டிசம்பரில் திறந்த வளாகம், சுமார் 5 லட்சம் சதுர அடி. இதற்காக 300-க்கும் மேற்பட்ட வீடு, கடைகளை விலைக்கு வாங்கி இடித்தார்கள். லாஹோரி டோலா என்று ஒரு பழைய குடியிருப்பே போய்விட்டது. வீடுகளுக்குள் மறைந்திருந்த நாற்பது கோயில்கள் வெளிவந்தன என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்த வீட்டுக்காரர்கள் தினமும் பூ வைத்த சாமி, யாருக்கு மறைந்திருந்தது?

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இந்த அகலம் இல்லாவிட்டால் அம்மாவின் சக்கர நாற்காலி சன்னதி வரை வந்திருக்காது. அதற்குள் ஒரு புரோக்கர், "ஸ்பெஷல் தரிசனம், இரண்டாயிரம்" என்று விடாமல் பின்னாலேயே வந்தான். வரிசையில் இடி, உதை, எல்லாம் உண்டு.

தரையோடு தரையாகப் பள்ளத்தில் இருக்கிறார் நாதர். அம்மாவால் குனிய முடியவில்லை. யாரோ பால் ஊற்ற, வில்வம் விலகி, கறுப்பாக ஒரு கணம் தெரிந்தார். "வந்துட்டேங்க" என்றாள். அப்பாவிடம்தான் அப்படிப் பேசுவாள். அதற்குள் "சலோ, சலோ" என்று நகர்த்திவிட்டார்கள். போதும் விஸ்வநாதா, அந்த ஒரு கணம் போதும்.

வெளியே வந்தும், "அந்தச் சந்து எங்கேடா?" என்று கேட்டாள். என்ன சொல்ல? சாயங்காலம் கோதௌலியா பக்கம் மிச்சமிருக்கும் ஒரு சந்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். பின்னாலிருந்து "சம்போ! சம்போ!" என்று குரல். செட்டிநாட்டு நகரத்தார் சத்திரத்திலிருந்து விஸ்வநாதருக்குப் பூஜைச் சாமான்கள் போகின்றன, இருநூறு வருஷத்துக்கு மேலாகப் போகிறதுபோல. நாற்காலியைச் சுவரோரம் ஒதுக்கினேன். அம்மா கைகூப்பிக்கொண்டு, சன்னதியில் அழாதவள், அங்கே அழுதாள்.

"இதுதாண்டா. உங்கப்பா இங்கேதான் என் கையைப் பிடிச்சு ஓரமா இழுத்தார்."